பீரோவில் இருக்கும் கிண்ணம்: ஒரு இடுப்பு மூட்டு வழக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலிடம் எட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். நாங்கள் நடத்திய நுகர்வோர் வழக்குகளில் இது ஒன்றுதான் எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது, வாதி என் பெரியம்மா. மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருப்பதால் மருத்துவமனை பெயர், டாக்டர் பெயர், கம்பெனி பெயர் எதுவும் எழுதப்போவதில்லை.

பெரியம்மாவுக்கு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். காப்பிக்கு நடுவே சில்வர் ஓக், அதன்மேல் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, எல்லாமே சரிவு நிலம். 54 வயதில் வலது தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்தப் பந்து நொறுங்க ஆரம்பித்தது, நடக்கவே முடியவில்லை. 2012 ஜூனில் வெளியூர் தனியார் மருத்துவமனை ஒன்றில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். மொத்தச் செலவு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, அதில் மூட்டுக்கு மட்டும் தனி பில். "பெரிய சைஸ் பந்து, உலோகத்தோட உலோகம், கழண்டு வராது, ஆயுசுக்கும் வரும்" என்று டாக்டர் சொன்னதாகப் பெரியம்மா இன்றும் சொல்வார். பெரியப்பா சேலம் இரும்பாலையில் வேலை பார்த்து ரிட்டயரானவர், "எங்க ஸ்டீல் மாதிரிங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். உண்மையில் அது எவர்சில்வர் கிடையாது, கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த கலவை. இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியவே ஏழு வருஷம் ஆனது.

சாதாரணமாக வைக்கும் மூட்டில் பந்து உலோகமாகவோ செராமிக்காகவோ இருக்கும், அது உட்காரும் கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக் மாதிரி ஒரு உள்கிண்ணம் இருக்கும். உலோகத்தோடு உலோகம் வகையில் அந்த உள்கிண்ணம் கிடையாது, பந்தும் கிண்ணமும் நேராக உரசும். கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தாலோ, கொஞ்சம் செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருந்தாலோ விளிம்பில் தேய்மானம் கூடும், கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கள் சுற்றியிருக்கும் சதையில் இறங்கும், கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலக்கும். சதை அழுகும், கட்டி மாதிரி நீர் கோத்துக்கொள்ளும், எலும்பும் கரையும். கோபால்ட் அளவு மிக அதிகமாகப் போனால் இதயம், தைராய்டு, காது, கண் வரைக்கும் பாதிப்பு போகும்.

பெரியம்மாவுக்கு 2016 கடைசியில் ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது இடுப்பில் கீச்சென்று ஒரு சத்தம். பேரன் "பாட்டிக்கு எண்ணெய் போடணும்" என்று கேலி செய்வான், எல்லோரும் சிரித்திருக்கிறோம். அப்புறம் கவட்டியில் வீக்கம், ராத்திரி வலி. சேலத்துக்கு இறங்க வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பும் ஒவ்வொரு தடவையும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். 2017-ல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போனார்கள். எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை, வயசாகுது, வெயிட்டைக் குறையுங்கள், எக்சர்சைஸ் செய்யுங்கள் என்று ஒரு ஓ.பி. சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சீட்டை மறந்துவிடாதீர்கள்.

2019 செப்டம்பரில் சேலத்தில் ஒரு இளம் எலும்பு மருத்துவர்தான் முதல்முதலாக, என்ன வகை மூட்டு என்று கேட்டார். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் பார்க்கச் சொன்னார். அந்த டெஸ்டுக்குத் தனி டியூப் வேண்டும், சாதாரண டியூபில் எடுத்தால் அளவு கெட்டுவிடும், அதனால் மாதிரி வெளியூருக்குப் போய் முடிவு வர பத்து நாள் ஆனது. பிரிட்டன் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே ஒரு லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் தொடர்ந்து கவனி என்று எச்சரித்திருந்தது. பெரியம்மாவுக்கு கோபால்ட் 31. உலோக நிழலைக் குறைத்துக் காட்டும் தனி முறையில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூட்டைச் சுற்றி நீர்க்கட்டி. 2020 ஜனவரியில் மறு அறுவை. உள்ளே சதை கறுத்துப்போய், சாம்பல் நிற நீர் தேங்கி இருந்ததாக அந்த டாக்டர் ஆபரேஷன் குறிப்பில் எழுதினார்.

இந்த இடத்தில் உலகக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்முடையது வேறு கம்பெனி மூட்டு, ஆனால் எல்லோரும் கேள்விப்பட்டது ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிபியூ விற்ற ஏ.எஸ்.ஆர். மூட்டைப் பற்றித்தான். இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேட்டில் ஐந்து வருஷத்துக்குள் சுமார் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டதாகத் தெரிந்து, 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது 2013 டிசம்பரில். இங்கே சுமார் 4,700 பேருக்கு வைத்திருந்தார்கள், 2018-ல் வந்த நிபுணர் குழு அறிக்கையின்போது அவர்களில் 3,600 பேருக்கு மேல் யார், எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. யாருக்கு எந்த மூட்டு வைத்தோம் என்ற கணக்கு ஆஸ்பத்திரிகளில் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இந்த எண்தான் மற்ற எல்லாவற்றையும்விட உறைத்தது.

அந்த மூட்டு வைத்தவர்களுக்கு மத்திய அரசு 2018 நவம்பரில் ஊனத்தின் அளவையும் வயதையும் வைத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை இழப்பீடு என்று ஒரு கணக்கு வகுத்தது, கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போனது, 2019 மே மாதம் மறு அறுவை செய்துகொண்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர அங்கே சம்மதித்தது. எங்களைத் தேடி வந்த பலரும், "அரசாங்கம் ஒரு கோடி தருதாமே" என்று இதைத்தான் கேட்டார்கள். இல்லைங்க, அது ஏ.எஸ்.ஆர். மூட்டுக்கு மட்டும். உங்கள் மூட்டு வேறு என்றால் அந்தக் கதவு உங்களுக்கு இல்லை. அதேபோல, அமெரிக்காவில் போய் வழக்குப் போடலாமா என்று ஒருவர் மருமகன் சிகாகோவில் இருக்கும் தைரியத்தில் கேட்டார். 2013-ல் அங்கே ஏறத்தாழ 8,000 பேருக்கு 250 கோடி டாலர் என்று வந்த சமரசம் அமெரிக்க நோயாளிகளுக்கானது. இங்கே வைத்து, இங்கே கெட்ட மூட்டுக்கு அங்கே வழக்கு நிற்பது கஷ்டம், வீண் அலைச்சல்.

அப்போ நமக்கு மிச்சம் என்ன? சிவில் கோர்ட்டில் இழப்பீட்டு வழக்குப் போடலாம், ஆனால் கேட்கும் தொகைக்கு ஏற்றபடி கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும், தமிழ்நாட்டில் அதை 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்த பிறகும் 35 லட்சம் கேட்டால் ஒரு லட்சத்துக்கு மேல். கிரிமினல் புகார் கொடுக்கலாம், ஆனால் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் டாக்டர் மீது கிரிமினல் நடவடிக்கைக்கு வைத்த வரம்பு உயரமானது, அதுவுமில்லாமல் பெரியம்மாவுக்கு யாரையும் ஜெயிலில் வைக்கும் ஆசை இல்லை. ஆக, நுகர்வோர் ஆணையம்.

2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் பொருளின் விலையோடு நீங்கள் கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துத்தான் எந்த ஆணையம் என்று முடிவாகும், 35 லட்சம் கேட்டால் சென்னைக்கு ஓட வேண்டும். புதிய சட்டத்தில் நீங்கள் கொடுத்த பணத்தை மட்டும் பார்க்கிறார்கள், கொடுத்தது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்தது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இன்னொன்று, ஆபரேஷன் வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆக மூன்று லட்சம் கொடுத்த பெரியம்மா, 35 லட்சம் கேட்டு, ஒரு பைசா கட்டணமில்லாமல் சேலத்தில் வழக்குப் போட்டார். பணம் கொடுத்ததை வைத்து அளப்பது சரிதானா என்று உச்ச நீதிமன்றம் வரை சண்டை போய், 2025 ஏப்ரலில் சரிதான் என்று தீர்ப்பும் வந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் போல முழுக்க இலவசமாகச் செய்துகொண்டவர்களுக்கு இந்த வழி அடைபடும், 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அதே தீர்ப்பு, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியிருந்தால் அது இலவசம் ஆகாது என்றும் சொல்கிறது. காப்பீட்டு அட்டையில் செய்துகொண்டவர்கள் அவசரப்பட்டு "நமக்கு வழியில்லை" என்று முடிவுக்கு வரவேண்டாம்.

சரி, யார் மேல் போடுவது? மூட்டைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி, இறக்குமதி செய்தவர், மருத்துவமனை, டாக்டர் என்று நான்கு பேரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்தோம். டாக்டரைச் சேர்க்கப் பெரியம்மாவுக்கு மனசில்லை, "நல்ல மனுசன் கண்ணு, காப்பிப்பொடி கூட வாங்கிட்டுப் போனாரு" என்றார். ஆனால் ஒருவரை விட்டால் மற்றவர்கள் பழியைக் காலி நாற்காலி மேல் போட்டுவிடுவார்கள். நடந்ததும் அதுதான். கம்பெனி தரப்பு, கிண்ணத்தைச் செங்குத்தாக வைத்தது டாக்டர் தவறு என்றது. டாக்டர் தரப்பு, பொருளே மோசம் என்றது. மருத்துவமனை, நாங்கள் சேவைதான் தந்தோம், விற்கவில்லை என்றது. இந்தக் கடைசி வாதத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கெட்ட பொருளால் வரும் பாதிப்புக்கு யார் பொறுப்பு என்று புதிய சட்டத்தில் ஒரு அத்தியாயம் உண்டு, அதில் பொருள் விற்பவர் என்ற வரையறையில் இறக்குமதி செய்பவர் வருவார், ஆனால் தொழில்முறைச் சேவைதான் பிரதானம், பொருள் அதில் ஒரு துணுக்கு என்றால் அந்தச் சேவை தருபவர் வரமாட்டார். மூட்டுக்குத் தனி பில் போட்டு, அதில் லாபமும் வைத்திருந்தால்? எங்கள் வக்கீல் அந்த பில்லைத்தான் ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

உற்பத்தியாளருக்கும் ஒரு ஓட்டை உண்டு, 87-வது பிரிவு. நிபுணர் மூலமாகத்தான் பயன்படுத்த வேண்டிய பொருள், அந்த நிபுணருக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்றால், நோயாளிக்கு எச்சரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பலாம். வடிவமைப்பே குறை என்ற குற்றச்சாட்டிலிருந்து அது காப்பாற்றாது. அதனால் மனுவில் "எச்சரிக்கவில்லை" என்பதை மட்டும் நம்பாமல், வடிவக் குறையை முதலில் எழுதினோம். 2012-ல் வாங்கிய பொருளுக்கு 2020-ல் வந்த அந்தப் பொறுப்பு அத்தியாயம் பொருந்தாது என்று ஆட்சேபிப்பார்கள் என்று தெரிந்து, பழைய சட்டத்திலும் இருந்த "பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு" என்ற வார்த்தைகளையும் விடாமல் சேர்த்திருந்தோம்.

உண்மையான சண்டை இதில் எதிலும் இல்லை, காலவரம்பில்தான். இரண்டு வருஷம். எப்போதிலிருந்து? 2012 ஆபரேஷனிலிருந்து என்றார்கள், அது நிற்கவில்லை. அடுத்து, வலி தொடங்கிய 2016-லிருந்து என்றார்கள், இது ஆபத்தான வாதம். 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வி.என். ஸ்ரீகண்டே தீர்ப்பைக் காட்டினார்கள். 1993-ல் பித்தப்பை ஆபரேஷன், வயிற்றுக்குள் விட்டுப்போன துணி 2002-ல்தான் தெரியவந்தது, அந்தப் பெண் தானே ஒரு நர்ஸ், ஒன்பது வருஷம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி அந்த டாக்டரிடம் கேட்காமல் இருந்தது நியாயமில்லை என்று மனு தள்ளுபடி. ஆனால் அதே தீர்ப்பில்தான், பாதிப்பு வெளியே தெரியாமல் மறைந்திருந்தால் நோயாளி அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனத்தோடு கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கு என்றும் இருக்கிறது.

பெரியம்மா வலியோடு சும்மா இருந்தாரா? இல்லை, 2017-ல் போய்க் கேட்டார், ஒன்றுமில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். அந்த ஓ.பி. சீட்டு. மிளகு வியாபாரியின் கணக்கு நோட்டுக்குள் நான்காக மடித்துக் கிடந்தது, மடிப்பில் கிழிந்து, ஓரத்தில் காப்பிக் கறையோடு. கேட்டவளுக்கு இல்லை என்று சொன்னவர்களே, நீ ஏன் அப்போதே தெரிந்துகொள்ளவில்லை என்று எப்படிக் கேட்கலாம்? ஆணையம் 2019 செப்டம்பர் ரத்தப் பரிசோதனையைத் தொடக்கமாக எடுத்தது. அப்படிப் பார்த்தாலும் 2021 செப்டம்பரில் கெடு முடிகிறது, நாங்கள் போட்டது 2022 ஜனவரி. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரம்பில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால் பிழைத்தோம். இனி அந்த மாதிரி தயவு யாருக்கும் கிடைக்காது, ரிப்போர்ட் கைக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அடி மருத்துவமனையிடமிருந்து. ஆவணங்கள் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதினோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதி. வந்த பதில், மூன்று வருஷம் கடந்துவிட்டது, அழித்துவிட்டோம். அதே விதியில் மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்றும் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், மூட்டு கெடுவதே நாலைந்து வருஷத்துக்கு மேல்தான், காகிதம் மூன்று வருஷத்தில் போய்விடும். ஒவ்வொரு மூட்டோடும் அதன் எண், லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது) அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும், ஒன்றை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவார்கள், கேட்டால் நமக்கும் ஒன்று ஒட்டித் தருவார்கள். நாங்கள் கேட்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காப்பாற்றியது அண்ணன். 2012-ல் இன்சூரன்ஸ் கிளைம் போட அவன் எடுத்த ஜெராக்ஸில் பில்லோடு ஸ்டிக்கரும் விழுந்திருந்தது, மங்கலாக, ஆனால் லாட் எண் படிக்க முடிந்தது.

அதைப் பொருத்திப் பார்க்க மூட்டே கையில் வேண்டும். வெளியே எடுத்த மூட்டை ஆஸ்பத்திரிக் கழிவோடு போட்டுவிடுவதும் உண்டு, கம்பெனி ஆள் "சோதித்துப் பார்க்கிறோம்" என்று வாங்கிப் போவதும் உண்டு. எங்கள் வக்கீல் மறு அறுவைக்கு முன்னாலேயே, எடுத்ததை எங்களிடமே கொடுங்கள் என்று பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கி டாக்டரிடம் கொடுக்க வைத்தார், வீடியோ எடுத்து, சீல் வைத்து வாங்கினோம். கிண்ணத்தின் முதுகில் லேசரில் பொறித்த எண் ஜெராக்ஸோடு பொருந்தியது. அப்புறம் 38-வது பிரிவின்படி ஆணையமே சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது, கட்டணம் நாங்கள் கட்டினோம். சோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களுக்கு வாய்தா மேல் வாய்தாவாக இரண்டே முக்கால் வருஷம்.

நிபுணர் சாட்சிக்கு நான் ஏறாத படி இல்லை. ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் எழுதித் தரமாட்டார், காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறு அறுவை செய்தவர்கூட, "நான் பார்த்ததை எழுதுகிறேன், யார் தப்பு என்று எழுதமாட்டேன்" என்றார். கறுத்த சதை, சாம்பல் நீர், விளிம்புத் தேய்மானம், இதைத்தான் பிரமாணப் பத்திரமாகத் தந்தார். பொருளின் குறையை நிரூபிக்க ஆய்வக அறிக்கையோடு அது போதுமாக இருந்தது, டாக்டரின் அலட்சியத்தை நிரூபிக்கப் போதவில்லை.

2024 அக்டோபரில் உத்தரவு. டாக்டர் விடுவிப்பு. எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, 2010-லிருந்தே உலகம் முழுக்கப் பேச்சாக இருந்ததை 2012-ல் ஒரு எலும்பு மருத்துவர் படிக்கவில்லை என்றால் என்ன சொல்வது. மருத்துவமனைக்கு, 2017-ல் சரியாகப் பார்க்காமல் அனுப்பியதற்கும் எச்சரிக்கைகள் வந்த பிறகும் பழைய நோயாளிகளைக் கூப்பிடாததற்கும் ஒரு பங்கு. இறக்குமதியாளருக்கும் உற்பத்தியாளருக்கும் சேர்த்துப் பெரும்பங்கு. கேட்ட 35 லட்சத்தில் பாதிக்கும் கீழேதான், மறு அறுவைச் செலவும் வட்டியும் தனி. இறக்குமதியாளர் மட்டும் 45 நாள் கெடுவுக்குள் சென்னை மாநில ஆணையத்துக்குப் போனார், அப்படிப் போக உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும், கட்டியிருக்கிறார்.

இதைப் படிக்கிற யாருக்காவது உள்ளே உலோக மூட்டு இருந்து, வலி இல்லையென்றாலும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்டிக்கரையும் இந்த வாரமே தேடி எடுத்து போனில் படம் பிடித்து வையுங்கள். கருவிக் கோளாறை 1800 180 3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம், பணம் எதுவும் வராது, ஆனால் தேதியோடு ஒரு பதிவு இருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, 15100. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் வருமானச் சான்று இல்லாமலே இலவச வக்கீல் கேட்கலாம். இதை நான் எங்கள் ஆபீஸ் திண்ணையில் சொன்னால் எங்கள் வக்கீல் முறைப்பார், ஆனாலும் சொல்லித்தான் அனுப்புவேன்.

ஆய்வகத்திலிருந்து சீலோடு திரும்பி வந்த கிண்ணமும் பந்தும் பெரியம்மா பீரோவில், பேத்தியின் வெள்ளிக் கொலுசுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல்முறையீடு முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன மாசம் மேலே போயிருந்தபோது பெரியம்மா கேட்டார், "ஏன் கண்ணு, எல்லாம் முடிஞ்சப்புறம் இத பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டா என்ன தருவான்?"